ஆயிரத்து ஐம்பது அடி

ஒன்பது மணிக்கு நிறுத்தியிருக்க வேண்டிய மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெய்வானைக்கு உறைத்தபோது, தர்மபுரி ஆஸ்பத்திரியில் பல் பிரிவின் சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது. மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் போன் இருக்கிறது, போனுக்குள் மோட்டார் இருக்கிறது. எடுத்துக் கூப்பிட்டால் போதும், முப்பது கிலோமீட்டர் தள்ளி செங்காட்டூரில், வாழைத்தோட்டத்து மூலையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிற சிம் கார்டு எழுந்துகொள்ளும். ஒரு பெண் குரல், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த மூன்றை அழுத்தவும் என்று சொல்லும். மூன்றை அழுத்தினால் பூமிக்குக் கீழே ஆயிரத்து ஐம்பது அடி ஆழ்துளைப் போருக்குள் தொங்கிக்கொண்டு தண்ணீர் உறிஞ்சுகிற அந்த இரும்பு உலக்கை நின்றுவிடும். அவ்வளவுதான் வேலை. அந்தக் குரலுக்கு மகள் கீர்த்தனா மோட்டாரம்மா என்று பேர் வைத்து, போனிலும் அப்படியே பதிந்து கொடுத்திருந்தாள். அந்தக் கீர்த்தனா இப்போது பக்கத்து நாற்காலியில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கொரோனா போய் எத்தனை காலமாயிற்று, இவள் மட்டும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. டோக்கன் நாற்பத்தொன்று. இப்போதுதான் இருபத்து மூன்று உள்ளே போயிருக்கிறது. பினாயில் வாசனையும் கிராம்புத் தைல வாசனையும் கலந்து வந்தது. உள்ளேயிருந்து ராவுகிற மெஷின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, எங்கேயோ யாரோ ஓயாமல் போர் போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கெம்பம்மாள் அக்காவின் நேரம். அந்த மூன்று மணி நேரம் இவர்கள் மோட்டாரை நிறுத்தினால்தான் வரப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அறுநூற்றைம்பது அடிப் போரில் கொஞ்சம் ஊறும். இவர்களுடையது ஓடினால் அவளுடையதில் காற்றுதான் வரும். போன வருசக் கோடையில் இவர்கள் ஆயிரத்து ஐம்பதுக்கு இறங்கியதிலிருந்து இப்படித்தான். அவளுக்கு ஒன்றரை ஏக்கர், முக்கால்வாசி சாமந்தி, இரண்டு கறவை மாடு. புருசன் இல்லாத பொம்பளை. தெய்வானையின் புருசன் மாதப்பனுக்கு அண்ணன் பெண்டாட்டி. இப்போது மணி பத்து இருபத்திரண்டு. எடுத்து அழுத்து. அழுத்தேன்.

அழுத்தினால் மாதப்பனுக்குத் தெரிந்துவிடும். மோட்டார் ஓடினாலும் நின்றாலும் அவன் போனுக்கு ஒரு மெசேஜ் போகும். உரம் வாங்கப் பென்னாகரம் போயிருக்கிறவன் உரக்கடை வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டு, உடனே மறுபடி மோட்டாரைப் போட்டுவிடுவான், அவனிடமும் அதே எண் இருக்கிறது. போட்டுவிட்டு இவளைக் கூப்பிடுவான். என்னடி சொல்லிட்டுத்தானே வந்தேன் என்பான். சொல்லிவிட்டுத்தான் போனான். காலையில் வண்டியை உதைக்கும்போதே, "இன்னிக்கு மட்டும் நிறுத்தாத, கடைசி நாலு பாத்திக்குத் தண்ணி எட்டவே இல்ல, வாழ குலை தள்ற நேரம்" என்றான். இவள் தலையாட்டினாள். அதற்கு அரை மணி முன்னால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கெம்பம்மாள், "இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடு தெய்வு, தொட்டி நேத்தே காஞ்சி கெடக்குது" என்று கேட்டபோதும் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் ஒரே தலை. அப்புறம் கீர்த்தனாவுக்குச் சடை பின்னி, இட்லியைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு, கோழிக்குத் தவிட்டைக் கரைத்து வைத்து, பஸ் வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று ஓடியதில் மறந்துபோயிற்று. மறந்துபோயிற்றா. ஆமாம், மறந்துதான் போயிற்று. மனுசருக்கு மறக்காதா. வீட்டுக்குள் ஃபேன் ஓடுகிறதைப் பார்த்துவிட்டு வந்தாளா இல்லையா என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. இல்லை, ஃபேனை நிறுத்தினாள். அது நன்றாக ஞாபகமிருக்கிறது. செருப்பு மாட்டிய காலோடு திரும்பிப் போய் நிறுத்திவிட்டு, ஆளில்லாத ரூமுக்கு என்ன காத்து வேண்டிக் கெடக்குது என்று மகளைத் திட்டிவிட்டு வந்தாள். வீட்டுக் கரண்டுக்கு மீட்டர் உண்டு. ஒரு பல்பு கூட எரிந்தால் மாதப்பன் வீட்டையே இரண்டாக்குவான். தோட்டத்துக் கரண்டுக்கு மீட்டர் கிடையாது. பதினைந்து எச்பி மோட்டார் ராவும் பகலும் ஓடி, தொட்டி நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, வழிந்து தார்ரோட்டில் போய் லாரிக்காரன் டயர் கழுவிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் ஒரு ஃபேனுக்குத் திரும்பி ஓடுகிற கால் மோட்டாருக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். இருபத்து நான்கு, இருபத்து நான்கு என்று நர்சு கத்தினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இருபத்தைந்து.

முதல்முதலாகக் கரண்டு வந்த நாளில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாமனார் மனுக் கொடுத்துவிட்டுப் பதினோரு வருசம் காத்திருந்து, கல்யாணமாகி அவள் வந்த மறு வருசம்தான் கம்பம் நட்டார்கள். புது மருமக வந்த ராசி என்று மாமனார் கனெக்சனையே அவள் பேருக்கு வாங்கிக் கொடுத்தார். கரண்டு ஆபீஸ் தாளில் தெய்வானை என்று அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அறுபதடிக் கிணறு. ஐந்து எச்பி மோட்டாருக்குச் சந்தனம் தெளித்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நீயே போடு என்று அவள் கையைத்தான் பிடித்து வைத்தார்கள். பொத்தானை அமுக்கியதும் குழாய் ஒரு கனைப்புக் கனைத்தது. கை பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்து வந்து எதிரில் நின்ற மாதப்பனின் நெஞ்சில் அடித்ததில் அவன் வேட்டி அவிழ்ந்து ஊரே சிரித்தது. அவளும் நனைந்தாள். கெம்பம்மாளும் நனைந்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் புதுச்சேலையோடு வாய்க்காலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். யார் வந்து அன்றைக்கு இது தப்பு என்று சொல்லியிருந்தாலும் அவள் செருப்பைக் கழற்றியிருப்பாள். அதற்கு முன்னால் கேழ்வரகுக் காட்டில் முதுகு ஒடிய ஒடியக் களை எடுத்து, மழையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்து, கடைசியில் கால் மூட்டை வீட்டுக்கு வந்த காலத்தில் என்ன வாழ்ந்தது. கரண்டுதான் அவளை நிமிர்த்தியது. கரும்பு வந்தது, வாழை வந்தது, தகரக் கூரை போய் ஓட்டு வீடு வந்தது, கீர்த்தனா வந்தாள். கிணறு மூன்றே வருசத்தில் தரை தட்டியது. முந்நூற்று எண்பதடி போர் போட்டார்கள். குழந்தைக்கு ஒரு வயசு அப்போது. அவள் இரண்டாங்கிளாஸ் போகும்போது எழுநூற்று இருபது. அப்போதெல்லாம் மும்முனைக் கரண்டு பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் கொஞ்சம் என்றுதான் விடுவார்கள். வந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் இழுக்கும், போனதும் அத்தனையும் நிற்கும். இருபத்து நாலு மணி நேரமும் விட்டால் இந்த அவசரம் இருக்காது, அவரவர் வேண்டும்போது வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விட்டார்கள். மோட்டாரைத் தானே ஓடும்படி ஆட்டோவில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒருவர் மோட்டாரும் அதற்குப் பிறகு நிற்கவில்லை. நான் நிறுத்தினால் அவன் எடுத்துக்கொள்வான், அவன் நிறுத்தினால் இவன். மாதப்பனும் அதைத்தான் சொன்னான்: "நாம எடுக்கலன்னா கீழ அப்படியேவா இருக்கப்போவுது? நாலு பக்கமும் இழுக்கறான்." கிணற்று மேட்டிலிருந்த புளியமரம் நின்ற நிலையில் காய்ந்தது. விறகுக்கு வெட்டியபோது உள்ளே ஈரமே இல்லாமல் ஓடு மாதிரி உடைந்தது. அது எந்த வருசம். எழுநூற்று இருபது போட்ட வருசமா, அதற்கு அடுத்ததா. ஊரில் இப்போது வருசங்களை யாரும் வருசமாகச் சொல்வதில்லை, அடியாகத்தான் சொல்கிறார்கள்.

முப்பத்தொன்று. ஒரு பள்ளிக்கூடப் பையனை அவன் அப்பா இழுத்துக்கொண்டு போனார், பையன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான். வாயை மூடு, வாயை மூடு என்று கீர்த்தனாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறாவது படிக்கும்போது தானாகவே கையைக் கொண்டுபோய் வாயில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, மண்சுவரில் வெள்ளம் வடிந்த தடம் மாதிரி. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருந்ததால் தெய்வானைக்கு அது பல்லின் நிறம் என்றே தோன்றியிருந்தது. சரியாகத் தேய்ப்பதில்லை என்று திட்டினாள். சாம்பலையும் உப்பையும் வைத்துத் தேய்த்துவிட்டதில் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. போன மாதம் ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காரும் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கீர்த்தனா நன்றாகத்தான் பேசினாளாம். எல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் சிரிச்ச முகமா உட்காரணும்மா, சிரிங்க பாப்போம் என்றாராம் மேனேஜர். அதற்கு மேல் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "அம்மா, எங்க கிளாஸ் போட்டோல ஒண்ணுல கூட நான் சிரிச்சதில்ல, நீ பாத்ததே இல்லையா?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறாள். அடக்கமான பெண் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் பல்லை ஏதாவது செய்ய முடியுமா என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் கெம்பம்மாளுக்கு எப்படித் தெரிந்தது. பால் சொசைட்டியில், கேன் வரிசையில், ஏழெட்டுப் பெண்கள் நிற்கும்போது, "பாவம் தெய்வு பொண்ணு, வாயத் தொறந்து சிரிக்கறதே இல்ல, இந்த வயசுல" என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போது கண்கூடக் கலங்கியது. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பாவம் என்று சொன்னதை என்ன செய்வது. ஏழெட்டுத் தலைகள் திரும்பி இவளைப் பார்த்தன. அது போன வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் புதன். இன்றைக்குக் காலை எட்டே முக்காலுக்கு, ஆமாம், எட்டே முக்கால், ரேடியோவில் செய்தி முடிந்திருந்தது, அவள் தோட்டத்துக்குப் போனாள். மறக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினாள். சிவப்புப் பொத்தானின் மேல் தூசி படிந்திருந்ததைக்கூடப் பார்த்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் கெம்பம்மாள் சாமந்திக்குள் குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்தாள். பழைய நீலச்சேலையின் முதுகு மட்டும் தெரிந்தது. பாவம், என்று தெய்வானை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பாவம் கெம்பம்மா. அப்புறம் கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் நிறுத்தாதே என்றார், நான் நிறுத்தவில்லை, அவ்வளவுதான் என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டு வந்தவள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மறந்தேபோய்விட்டது என்று மாற்றிக்கொண்டாள். அப்படித்தான் நடந்தது. இப்போது நினைக்கும்போது உடம்பு கூசியது. மாடு என்ன செய்தது அவளுக்கு. மாடு பால் சொசைட்டியில் பேசியதா. பையைத் திறந்தாள், போனை எடுத்தாள், மோட்டாரம்மா என்ற பேரை விரலால் தள்ளித் தள்ளித் தேடிக் கண்டுபிடித்தபோது நர்சு வாசலில் வந்து நின்று, நாற்பத்தொண்ணு கீர்த்தனா யாரு என்று கேட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். கீர்த்தனாவை விட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். கீர்த்தனா மாஸ்க்கைக் கழற்றியதும் ஒரு முகச்சுளிப்பும் காட்டாமல் கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டுப் பார்த்தாள். அதற்காகவே அவளைக் கும்பிடலாம் போலிருந்தது தெய்வானைக்கு. "எந்த ஊரும்மா?" "செங்காட்டூருங்க." "என்ன தண்ணி குடிக்கறீங்க?" "எங்க சொந்தத் தோட்டத்துத் தண்ணிதானுங்க." தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை காவிரித் தண்ணீர் வருகிறது, அதைப் பாத்திரம் கழுவப் பிடித்து வைப்பார்கள். குடிப்பதற்குத் தோட்டத்துத் தண்ணீர்தான், நம்ம தண்ணி ருசி எவனுக்கு வரும் என்பான் மாதப்பன். "போர்வெல்லா? எத்தனை அடி?" என்று டாக்டர் கேட்டாள். "ஆயிரத்து ஐம்பதுங்க" என்றாள் தெய்வானை. சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஊரில் யாராவது கேட்டால் சொல்கிற அதே குரலில், பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்று கேட்டால் சொல்கிற குரலில் சொல்லியிருந்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "சின்ன வயசுலயும் இதே தண்ணிதானா?" "அப்ப முந்நூத்தி எண்பது. அப்பறம் எழுநூத்தி இருபது." "அந்தப் பாறையில ஃப்ளோரைடுன்னு ஒரு உப்பு இருக்கும்மா. உங்க பக்கத்துல ஆழம் போகப் போக அது அதிகமா கரைஞ்சு வருது. பல்லு ஈறுக்குள்ள இருக்கும்போதே போய்ச் சேந்துக்கும். தேய்ச்சா போகாது." தெய்வானைக்குச் சாம்பலும் உப்பும் ரத்தமும் ஞாபகம் வந்தது. அவசரமாகச் சொன்னாள், யாரோ குற்றம் சாட்டியதுபோல: "நான் பச்சத் தண்ணி குடுத்ததே இல்லீங்க டாக்டரம்மா. ஏழு வயசு வரைக்கும் காய்ச்சி, ஆற வெச்சி, வடிகட்டித்தான் குடுத்தேன். ஒரு நாள் கூடத் தவறல." டாக்டர் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். "காய்ச்சினா கிருமிதான் சாகும்மா. இது போகாது. தண்ணி வத்துது இல்ல, இது கொஞ்சம் கெட்டியாத்தான் ஆகும்." அதைச் சொல்லும்போது அவள் கீர்த்தனாவைத்தான் பார்த்தாள். கீர்த்தனா அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் தேவலை. இரக்கமாக இருந்தது. கெம்பம்மாளின் கண் மாதிரியே இருந்தது. "முன்பல் ஆறுலயும் மேலாப்புல ஒரு பூச்சு பூசிடலாம். இன்னிக்கே நாலு முடிச்சுடறேன், மீதி சனிக்கிழமை. நல்லா இருக்கும், கவலைப்படாதீங்க. ஆனா தண்ணியை மாத்துங்க. பல்லோட நிக்காது இது, வயசாக ஆக மூட்டுக்கும் முதுகுக்கும் வரும். நீங்க கீழ உக்காந்து எந்திரிக்கறப்ப வலிக்குதா?" வலிக்கிறது. நாலு வருசமாக வலிக்கிறது. வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தாள். நாற்பத்திரண்டு. "கொஞ்சம் வெளிய இருங்கம்மா, ஒரு மணி நேரம் ஆவும்."

வெளியே தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் தண்ணீர் கேன்களை வேனிலிருந்து உருட்டி உருட்டி இறக்கிக்கொண்டிருந்தான். அந்தத் தோட்டத்துத் தண்ணீரைத்தான் குழந்தைக்குப் பாலாடையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்கிப் பிடித்து, ஆறியிருக்கிறதா என்று புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து. காய்ச்சிய சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு ஏடு படியும், அதைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அது சட்டியில் ஒட்டியது, பிள்ளையிடம் ஒட்டாதா. ஏன் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியது. தண்ணீர் தண்ணீர்தானே. அவள் மோட்டாரம்மாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இரண்டு ரிங் போயிற்று. வழக்கமான குரல்தான், வழக்கம்போல் அவசரமில்லாமல்தான் சொன்னது: "தண்ணீர் இல்லாததால் மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது." அவள் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது. முதலில் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அப்பாடா, நான் நிறுத்த வேண்டியதில்லை, தானே நின்றுவிட்டது. அது என்ன நினைப்பு என்று அவளே திடுக்கிட்டாள். வெறுங்காற்றை உறிஞ்சியிருக்கிறது. ஆயிரத்து ஐம்பது அடியில் ஒன்றுமில்லை. ஒரு வருசம், முழுசாக ஒரு வருசம்கூட இல்லை, போன சித்திரையில்தான் போட்டது. எண்ணூறு வாழை. குலை தள்ளுகிற நேரம். எங்கே போயிற்று அவ்வளவும். தார்ரோட்டில் லாரி டயரில் ஓடியது. நினைத்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. மாதப்பன். "பாத்தியா? பத்து மணிக்கே நின்னுடுச்சாம். நான் கடையில பேசிட்டிருந்ததுல மெசேஜப் பாக்கல." மூச்சு வாங்கினான். "ஒண்ணும் பயப்படாத. போர் வண்டிக்காரன்கிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கெழம ராசிபுரத்திலிருந்து வரான். அதே குழியில ஆயிரத்து நானூறு வரைக்கும் போயிடலாங்கறான். மோட்டார இருவது எச்பியா மாத்திக்கணும். அவ்ளோதான." அவ்வளவுதான். எப்போதும் அவ்வளவுதான். "வேண்டாங்க" என்றாள் தெய்வானை. தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "என்ன வேண்டாம்?" "ஆயிரத்து நானூறு வேண்டாம். இன்னும் கீழ போவ வேண்டாம். கீழ போவப் போவ அந்தத் தண்ணிதான் புள்ள பல்லக் கெடுத்துதாம். டாக்டரம்மா சொல்றாங்க." "பல்லுக்கும் போருக்கும் என்னடி சம்மந்தம்? வாழ காயுது, நீ பல்லுங்கற." "எனக்கும் வெளங்கல. ஆனா வேண்டாம்." "வேண்டாம்னா எண்ணூறு மரத்துக்கும் உன் கண்ணீரையா பாச்சுவ?" எண்ணூறு மரமும் அவள் கையால் கன்று நட்டது. ஆனால் வாய் அதுபாட்டுக்குப் பேசியது. "இருவது எச்பிக்கு மாத்தணும்னா கரண்டு ஆபீஸ்ல மனு எழுதணும். கனெக்சன் என் பேருல இருக்குது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அந்தப் பக்கம் உரக்கடைச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ யூரியா எத்தனை மூட்டை என்று கேட்டார்கள். இருபது வருசத்தில் அவள் அவனிடம் மாட்டேன் என்று சொன்னது எத்தனை தடவை என்று அவனும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தானோ என்னவோ. "புள்ளைக்கு வலிக்குதா?" என்று கேட்டான் கடைசியில், வேறு குரலில். "இல்ல. மருந்து போட்டுத்தான் செய்யறாங்க." "வூட்டுக்கு வா. பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான். பேசுவான். ராத்திரி கத்துவான், அப்புறம் கெஞ்சுவான், இரண்டு நாள் சாப்பிடமாட்டான். வெள்ளிக்கிழமைக்குள் என்னவெல்லாமோ நடக்கும். கையெழுத்து மட்டும் அவளிடம் இருக்கிறது.

அடுத்த எண்ணைப் போட வெகுநேரம் ஆயிற்று. போட்டாள். கெம்பம்மாள் எடுத்ததும், "சொல்லு தெய்வு, டாக்டரப் பாத்தாச்சா? புள்ள என்ன பண்ணுது?" என்று கேட்டாள். "உள்ள இருக்கறா. அக்கா, நான் மோட்டார நிறுத்தாம வந்துட்டேன்." "ம், தெரியும்." "மறந்துட்டேன்னு நெனச்சிக்காத. மறக்கல." "அதுவுந்தான் தெரியும். பொட்டிகிட்ட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனியே. பூவுல குனிஞ்சிருந்தா எனக்குக் கண்ணு கூடவா தெரியாது?" தெய்வானைக்கு முகமெல்லாம் சுட்டது. நல்லவேளை, இது போன். "அப்ப ஏன் ஒரு சத்தம் போடல? போட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்ல?" "சத்தம் போட்டா நிறுத்துவன்னு எனக்குத் தெரியாதா. மறுபடி கேக்காம நிறுத்தறியான்னு பாத்தேன்" என்றாள் கெம்பம்மாள். அந்தப் பக்கம் மாடு கத்தியது. ஒன்று கத்தி முடிப்பதற்குள் மற்றது. "கேக்குதா? காலையிலருந்து இதே பாட்டு. உன்னத் திட்டணும்னு நெனச்சேன், இதுங்க திட்டக்கூட விடல. சொசைட்டில நான் பேசுனதும் தப்புத்தான், வாய் கொஞ்சம் நீளம் எனக்கு." "அக்கா, எங்களுது காஞ்சிடுச்சி. பத்து மணிக்கே நின்னுடுச்சாம். தண்ணி இல்ல." சந்தோசப்படுவாளா, படட்டும் என்று தெய்வானை காத்திருந்தாள். "ஆயிரத்து ஐம்பதுலயா?" என்றாள் கெம்பம்மாள் மெதுவாக, சாவு சேதி கேட்டவள் போல. அப்புறம், "மணி பன்னெண்டு ஆவுது. உங்களுது நின்னு ரெண்டு மணி நேரம் ஆயிருக்குது. இரு, நான் போட்டுப் பாக்கறேன். வெக்காத" என்றாள். செருப்பு சரசரவென்று ஓடியது. கதவு கிறீச்சிட்டது. பொத்தான் அமுங்கிய சத்தம் தெய்வானைக்குக் கேட்டதா, கேட்டதுபோல இருந்ததா. குழாய் இருமியது. வெறும் காற்று. மறுபடி இருமியது. வராது, வராது என்று அவள் கம்பியைப் பிடித்தாள். பின்னால் தாழ்வாரத்தில் யாரோ டோக்கன் எண்ணைக் கேட்டு நர்சோடு சண்டை போட்டார்கள். குழாய் மூன்றாம் முறை இருமி, கரகரத்து, பொத்தென்று எதையோ தொட்டிக்குள் துப்பியது. "வருது தெய்வு" என்று கெம்பம்மாள் எட்ட இருந்து கத்தினாள். "செங்கலங்கலா வருது. நூலாட்டம் வருது. வருது." மாடுகளின் கழுத்துமணிகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடிவந்தன. தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா" என்றாள், "அக்கா, மாட்டுக்கு ஆனதும் நிறுத்திடு. கொஞ்சம் ஊறட்டும்." "நிறுத்தாம இருப்பனா? ஆனா உனக்கும் ரெண்டு கொடம் வேணுமே, வாழைக்கு இல்ல, வூட்டுக்கு" என்ற குரல் பக்கத்தில் வந்தது. "எங்களுக்கு வேண்டாங்கா. தெருக்கொழாயில பிடிச்சிக்கறோம். நிறுத்திடு." சிறிது நேரத்தில் அந்தப் பக்கம் மோட்டாரின் சத்தம் நின்றது. கெம்பம்மாள் போனைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. உர் உர்ரென்று மாடுகள் தண்ணீர் இழுத்துக் குடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டும் குடித்து முடிக்கிற வரைக்கும் தெய்வானை போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.